மணிவேல் சாரின் ஃபைல்கள்

"மொத்தத்தையும் அழிச்சுடு, சினேகா. அந்த ஆளோடது ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாது."

கஸ்தூரி போட்ட சத்தத்தில் கணிதத் துறையின் ஆசிரியர் அறை கப்சிப்பென்று அடங்கிப்போனது. அவரவர் தலை அவரவர் விடைத்தாளுக்குள் புதைந்தது.

கம்ப்யூட்டரில் கல்லூரியின் ஆன்லைன் வீட்டுப்பாடப் பக்கம் திறந்திருந்தது. 'யூனிட் மூணு', 'யூனிட் மூணு புதுசு', 'யூனிட் மூணு கடைசி', 'கடைசி இதான்' என்று இழுக்க இழுக்க ஃபைல்கள் வந்துகொண்டே இருந்தன. ஆகாததையெல்லாம் அடைத்து வைத்த பரண் கெட்டது போங்கள்! இதில் எது அசல் கேள்வித்தாள் என்று யாரிடம் போய்க் கேட்பது?

"சாயங்காலத்துக்குள்ள சரியான ஃபைலைப் பசங்களுக்குத் திறந்து விடணும். இல்லன்னா செகண்ட் இயர் மொத்தத்துக்கும் இன்டர்னல் மார்க் போச்சு. பாதி செமஸ்டர்ல அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டாரு மகராசன்!"

சினேகா திங்கட்கிழமைதான் வேலைக்குச் சேர்ந்தவள். வேலூரில் இதே சாஃப்ட்வேரில் பாடம் நடத்தியவள் என்பதால் உதவிக்கு உட்கார்ந்திருந்தாள்.

"டென்ஷன் ஆகாதீங்க மேடம். ஏத்துனவங்க பேரைப் போட்டுத் தேடுனா அவரோடது மட்டும் தனியா வந்துடும். பேர் சொல்லுங்க."

கஸ்தூரி பேரைச் சொல்லாமல் கீபோர்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்து, அதுதான் குற்றவாளி என்பதுபோல் ஓங்கி ஓங்கித் தட்டினாள்.

"மணிவேல் சாரா?" என்று திரையைப் பார்த்துப் படித்தாள் சினேகா.

"ஆமா, அந்தப் புண்ணியவான்தான். ஹெச்.ஓ.டி.க்கு ரெண்டே வரி மெயில். வேலை வேணாம், சந்நியாசம் போறேன்னு! இப்ப செங்கம் ரோட்டு ஆசிரமத்துல காவி கட்டிக்கிட்டு, வெள்ளைக்காரங்க நடுவுல கண்ணை மூடி உக்காந்திருக்காராம். மனசு சுத்தமாவுதாம். இந்தக் குப்பையை யாரு சுத்தம் பண்றது?"

'அவர் கிளாஸை வேற யாராவது எடுத்துக்கட்டும்' என்று துறைத் தலைவர் சகாதேவன் எவ்வளவோ சொன்னார். 'ஏன், எனக்கு என்ன குறைச்சல்?' என்று கஸ்தூரிதான் வீம்புக்கு வாங்கிக்கொண்டாள். இப்போது மண்டை காய்ந்தது.

சினேகா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒன்றில் பாதிக் கணக்கு. இன்னொன்றில் கணக்கே இல்லை, அண்ணாமலையின் படம் மட்டும் இருந்தது.

"பாத்தியா? கணக்கு கேட்டா மலையைக் காட்டுறாரு. அப்பவே புத்தி அங்கதான் இருந்திருக்குது. நமக்குத்தான் ஒண்ணும் உறைக்கல."

கஸ்தூரியின் குரல் உடைந்து, உடனே மறுபடி உயர்ந்தது. "என்ன பாத்துக்கிட்டிருக்க? அடுத்ததைத் திற!"

ஒருவழியாகச் சினேகா துள்ளினாள். "கிடைச்சுடுச்சு மேடம்! விடையெல்லாம் சேர்த்து முழுசா இருக்கறது இது ஒண்ணுதான்." அதை மாணவர்களுக்குத் திறந்தும் விட்டாள்.

"அப்பாடா! பசங்க தப்பிச்சாங்க. மிச்சத்தைத் தூக்கு."

"அழிச்சா போனது போனதுதான் மேடம். மறைச்சு வெச்சா லிஸ்ட்ல கண்ணுல படாது, உள்ள பத்திரமா இருக்கும். சார் திரும்பி வந்தா எடுத்துக்கலாம்."

"வந்து கிழிப்பாரு!"

சொல்லிவிட்டாளே தவிர, கஸ்தூரி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சினேகாவின் விரல் மவுஸின் மேல் காத்துக்கொண்டிருந்தது.

"மறைச்சே வை. தொலையட்டும்."

புது ஆள் இல்லையா, சினேகா மனதில் பட்டதைக் கேட்டுவிட்டாள். "எதுக்கும் அவர் சம்சாரத்தை ஒரு வார்த்தை கேட்டுடலாமா மேடம்? என்ன ஏதுன்னு அவங்ககிட்டயாவது சொல்லிட்டுத்தானே போயிருப்பார்?"

விடைத்தாளுக்குள் புதைந்திருந்த தலைகளெல்லாம் சட்டென்று நிமிர்ந்தன. கஸ்தூரி மெதுவாக அவள் பக்கம் திரும்பினாள்.

"பக்கத்துலதாம்மா படுத்திருந்தேன். எங்கிட்டகூடச் சொல்லல."