நலம் என்றே எழுதும் கணினி

“என் பேரு செல்வின். வயசு இருபத்துமூணு. மஸ்கட்டுல ஒரு கம்பெனி கேம்ப்ல இருக்கேன்.”

அம்மாவுக்கான மின்கடிதத்தை இப்படித் தொடங்கச் சொன்னது பக்கத்துக் கட்டில் ஞானராஜ் அண்ணன்தான். செல்வினின் வலது கையில் கட்டு. விசைப்பலகை இல்லாத கேம்ப் கணினியிடம் வாயால் சொல்லித்தான் எழுத முடியும். அம்மாவுக்கோ காது கேட்காது; தம்பியோ போனை எடுக்கவில்லை. அப்டேட்டோடு வந்த புது வசதி ஒன்று, அவனுடைய பழைய கடிதங்களைப் படித்துவிட்டு, சொல்வதையெல்லாம் அதே பாணிக்கு மாற்றியது. ஆறு மாதமாக அவன் சுகம் என்று மட்டுமே எழுதியிருந்தான். “மெஷின்ல கை மாட்டிக்கிடுச்சு, தம்பிய இங்க அனுப்பாதீங்க” என்று சொன்னால், “நான் நல்ல சுகம், தம்பிக்காகக் காத்திருக்கிறேன்” என்று திரையில் வந்தது. தம்பிக்கு நாளைக்கு விமானம்.

“அத அணைச்சு வச்சா என்னலே?”

“மூணு தடவ அணைச்சுட்டேன் அண்ணே. அதுவா திரும்ப வருது.”

“நீ அம்மாட்ட சொன்ன பொய்யத்தான அது படிச்சிருக்கு? அம்மான்னே ஆரம்பிக்காத. போலீசுக்கு மனு குடுக்க மாதிரி சொல்லு.”

பெயரும் வயதும் சொன்னபடியே திரையில் நின்றன. செல்வின் மைக்கை வாயருகே இழுத்தான்.

“இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி, என் தம்பிய விமானம் ஏத்தி விட்றாதீங்க.”