முதல் நாள் அழுகை

"முதல் பிள்ளையா?" என்று கேட்டான் ஃபெலெத்தி.

சீமைப்பலா மரத்துக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்த பெண் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். அவசரமாகப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதல் நாள்" என்றாள்.

அவனும் அந்த மரத்தைத் தேடித்தான் வந்திருந்தான். ஒளிந்து நின்று ஒன்றாம் வகுப்பு ஜன்னலைப் பார்க்க, பள்ளிக்கூட வேலியோரத்தில் வேறு இடம் கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் கடைக்குட்டி லூப்பேயைக் கொண்டுவந்து விட்டிருந்தான். தலைமை ஆசிரியையே வகுப்பு வாசலில் நின்று பிள்ளைகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்பாமாரெல்லாம் கிளம்புங்க, கிளம்புங்க" என்று விரட்டிவிட்டார். ரோட்டில் அவனுடைய ரொட்டி வண்டி நின்றது. தலைநகர் நுக்குவாலோஃபாவில் கடைக்காரர்கள் ரொட்டிக்குக் காத்திருப்பார்கள். ஆனால் அவனுக்குக் கால் நகரவில்லை.

"இந்த ஊரா தங்கச்சி? பார்த்த மாதிரி இல்லையே."

"எவுவா தீவுண்ணே. போன வாரம்தான் வந்தேன்."

வேலைக்குப் போகிற பெண்களைப் போல இடுப்பில் கீக்கீப் பட்டி கட்டியிருந்தாள். "வேலைக்கு வேற நேரமாச்சா?" என்றான்.

"எப்பவோ ஆச்சு. கதவு வரைக்கும் போனேன். உள்ளே கேட்ட சத்தத்துல அப்படியே திரும்பி ஓடி வந்துட்டேன்."

ஃபெலெத்திக்குத் தன் கவலை கொஞ்சம் மறந்தது. சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். காலையில் எண்ணெயில் சுட்ட கெக்கே மாவுருண்டைகள் இரண்டு இருந்தன. ஒன்றை அவளுக்குக் கொடுத்தான்.

"சாப்பிடு, அந்த ரொட்டி வண்டி என்னுதுதான். எனக்கு இது நாலாவது பிள்ளை. நான் பார்க்காத அழுகையா?"

மூத்த மூன்று பிள்ளைகளையும் முதல் நாள் கொண்டுவந்து விட்டது அவன் மனைவி என்பதையும், அவள் இப்போது ஆஸ்திரேலியாவில் ஆறு மாதத்துக்குப் பழம் பறிக்கப் போயிருக்கிறாள் என்பதையும் அவன் சொல்லவில்லை.

"ஒண்ணு அழ ஆரம்பிச்சா எல்லாம் சேர்ந்து அழுமேண்ணே?"

"அழும். அழுது அலுத்துப்போய் தானா நிறுத்தும்."

"கடிச்சு வச்சா? கேட்டைத் திறந்து ஓடிட்டா?"

"அதெல்லாம் டீச்சர் பார்த்துப்பாங்க."

"டீச்சருக்கு ஒண்ணும் தெரியலைன்னா?"

"தெரியாமலா டீச்சராக்கி உட்கார வச்சிருக்காங்க?"

அவள் கையிலிருந்த கெக்கேயைப் பார்த்தபடி மறுபடி விசும்பினாள். இவளைத் தேற்ற இந்த வழி சரிப்படாது என்று ஃபெலெத்திக்குப் பட்டது. குரலைத் தணித்துக்கொண்டான்.

"ஒண்ணு சொல்றேன், வெளியே விட்டுடாத. ஃபாரத்துல 'லூப்பே தனியா பாத்ரூம் போவாள்'னு எழுதிக் கொடுத்துட்டேன். அது பாதிதான் நிஜம். டீச்சர்கிட்ட மட்டும் சொல்லிடாத."

அவள் முதல் முறையாகச் சிரித்தாள். "சொல்லவே மாட்டேன்."

"இன்னொண்ணு கேளு. லூப்பே சடை இருக்கே, அதைப் பின்ன ஒரு வாரம் படகுக் கயித்துல பழகினேன். இன்னைக்குக் காலையில போட்டுவிட்டா, ஒண்ணு கிழக்கே போகுது, ஒண்ணு மேற்கே போகுது. கண்ணாடியில பார்த்துட்டு என்ன சொன்னா தெரியுமா? 'பரவாயில்லப்பா, நாளைக்கு நல்லா வரும்'னா." ஃபெலெத்தி பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். "நமக்குத்தான் எல்லாம் முதல் நாளே சரியா வந்துடணும். அதுங்க நாளைக்கும் நமக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கும்."

அவள் கெக்கேயை இரண்டே வாயில் தின்று முடித்தாள்.

அப்போது வகுப்புக்குள்ளிருந்து ஒரு வீறல் கேட்டது. "அப்பா...ஆ!"

லூப்பேயின் குரல். தொடர்ந்து இன்னொன்று, அதற்குப் பின்னால் ஒரு கூட்டமே. தலைமை ஆசிரியையின் பாட்டு அதற்குள் மூழ்கிப்போனது. அதுவரை அளந்த தைரியமெல்லாம் ஃபெலெத்திக்கு எங்கே போயிற்றோ, வேலியில் காலைத் தூக்கி வைத்துவிட்டான்.

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீங்க போகக் கூடாதுண்ணே. உங்களைப் பார்த்தா இன்னும் கூடிடும்."

"என் பிள்ளை அழுதும்மா!"

"அழுது அலுத்துப்போய் நிறுத்தும்னு நீங்கதானே சொன்னீங்க?" முகத்தை அழுந்தத் துடைத்தாள். கீக்கீயை இழுத்து இறுக்கிக் கட்டினாள். "நீங்க ரொட்டியைக் கொண்டுபோய்ப் போடுங்க. நான் உள்ளே போறேன்."

அவள் முற்றத்தைக் கடந்து விறுவிறுவென்று நடந்தாள். இப்போதுதான் மரத்தடியில் விசும்பிக்கொண்டிருந்தவளா இவள் என்று இருந்தது அவனுக்கு. பேர்கூடத் தெரியாத ஒருத்தி தன் பிள்ளையோடு அவன் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளப் போகிறாள். அவசரத்தில் அவள் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"தங்கச்சி!" என்று வேலிக்கு மேலே எக்கிக் கத்தினான். "உள்ளே இருக்கறதுல உன் பிள்ளை எது?"

வகுப்பு வாசலில் தலைமை ஆசிரியை அவளைப் பார்த்ததும் நிம்மதிப் பெருமூச்சோடு வழிவிட்டு விலகினார். அவள் படியில் நின்று திரும்பினாள்.

"இருபத்திரண்டும்தாண்ணே. நான்தான் டீச்சர்!"