கிளிஃபின் பாம்பு

ஆஸ்திரேலியாவின் வறண்ட சுரங்க ஊரான புரோக்கன் ஹில்லின் பிற்பகல் வெயில் கூடத்துக் கண்ணாடிப் பெட்டியின்மேல் விழுகிறது. உள்ளே கிளிஃப் வளர்த்த மலைப்பாம்பு டச்சஸ் சுருண்டு கிடக்கிறாள். எண்ணெய் தடவியதுபோல் மின்னிய செதில்கள் சாம்பல் பூத்திருக்கின்றன. பழைய தோல் முழுதாக உரியாமல், நனைந்து காய்ந்த காகிதம்போல் அங்கங்கே ஒட்டியிருக்கிறது. கணவர் கிளிஃபைப் புதைத்துவிட்டு வந்த களைப்பே எனக்கு இன்னும் தீரவில்லை. “இவளும் போயிடுவாளா, மேவிஸ்?” என்று கேட்கிறேன். பக்கத்து வீட்டு மேவிஸ் பாம்பின் முதுகை விரலால் தடவிப் பார்க்கிறாள். “துக்கத்துல வாடுறான்னு நெனச்சியா? பாம்புக்கு ஏதுடி அதெல்லாம்! காத்து காஞ்சு கெடக்கு. ஈரம் இருந்தாத்தான் தோலு முழுசா உரியும், பளபளப்பு வரும். முன்னாடி மட்டும் ஈரம் எங்கேருந்து வந்துச்சு?” என் பார்வை எதிரே இருக்கும் குளியலறைக்குப் போகிறது. கிளிஃப் கதவைத் திறந்துபோட்டபடி வெந்நீரில் நெடுநேரம் பாடிக்கொண்டே நிற்பார். “குழாயில வர்ற ஆத்துத் தண்ணி என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?” என்று தினமும் கத்துவேன். எழுந்துபோய் வெந்நீரைத் திறந்துவிடுகிறேன். ஆளில்லாத தரையில் தண்ணீர் கொட்டுகிறது. வெண்ணிற ஆவி மெல்லக் கூடத்துக்கு வந்து பெட்டியின் கண்ணாடியில் படிகிறது. “போதும், நிறுத்துடி. தண்ணி வீணாப் போகுது” என்கிறாள் மேவிஸ். “இரு,” என்கிறேன், “கிளிஃப் குளிச்சு முடிக்கட்டும்.”