வெனிஸில் பத்து நிமிடம்

நாற்பதாவது திருமண நாளுக்கு இத்தாலியில் இரண்டு வாரம். ரோமுக்கும் டஸ்கனி கிராமங்களுக்கும் உடனே அனுமதி வந்தது. மதுவந்தி மிகவும் ஆசைப்பட்ட வெனிஸுக்கு மட்டும் மறுப்பு வந்தது.

"ஒரு நகரத்துக்கு ஆயுளில் ஒரு முறைதான் அம்மா. தேனிலவில் நீங்கள் மூன்று நாள் இருந்திருக்கிறீர்கள்" என்றது பயண அலுவலகத்தின் இயந்திரக் குரல்.

"ஜுரத்துல ரூமிலேயே கிடந்தேன்ப்பா! எதையுமே பார்க்கலை."

"அப்படியானால் விதிவிலக்கு உண்டு. இருவரும் அதைச் சத்தியமாகச் சொல்லுங்கள்."

கணவர் நித்திலன் உடனே கையை உயர்த்தினார். "சத்தியமா, ரைஸ் குக்கர்ல ரசம் வெச்சதைத் தவிர நான் ஒண்ணும் பார்க்கலை."

"வெச்ச லட்சணம்! நீங்க தாளிச்ச புகையில அலாரம் அடிச்சு, ஹோட்டலே தெருவுக்கு ஓடுச்சு."

சிரித்தபடி கையை உயர்த்திய மதுவந்தி அப்படியே நின்றாள். அன்று அவளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கியவர் இவர்தான். கால்வாய்க்கரையில் அவர் தோளில் சாய்ந்திருந்தாள். தண்ணீரில் பட்ட காலை வெயில் எதிர்ச்சுவரில் ஆடியது. அவர் சட்டையில் பெருங்காயம் மணத்தது. பத்தே நிமிடம்.

உயர்த்திய கையை இறக்கினாள்.

"பார்த்துட்டேன்ப்பா" என்றாள். "லிஸ்ட்லேருந்து வெனிஸை எடுத்துடு."

பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "ரைஸ் குக்கரை மறக்காம எடுத்து வைங்க."