இடிச்ச வீட்டுக் கட்டில்

நீட்டிய காப்பியை வாங்காமல் பவுனம்மாள் நேராகக் கூடத்தில் கிடந்த கட்டிலருகே போனாள். சட்டத்தைத் தடவிக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது.

“இன்னா இது, ஆணி போன ஓட்டையா?”

“ஆமாங்க அத்த. பாண்டில ஒரு பழைய வூட்ட இடிச்சாங்க. அந்த உத்தரத்த வாங்கியாந்து நானே செஞ்சது” என்றாள் இளவரசி.

அவளுக்குத் திருபுவனையில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் இழைப்புளியும் கையுமாகக் கொல்லையில் உட்கார்ந்துவிடுவாள். இந்தக் கட்டிலைத் தன் கல்யாணத்துக்கென்றே பார்த்துப் பார்த்து இழைத்திருந்தாள்.

பவுனம்மாள் உதட்டைச் சுழித்தாள். பெண் பார்க்க, மகன் புகழ்வேந்தனோடு பாகூரிலிருந்து ஏம்பலத்துக்குக் கார் வைத்துக்கொண்டு வந்தவள் அவள். “இடிச்ச வூட்டுக் கட்டையத்தான் சீரா குடுக்கப் போறீங்களா? நல்லாருக்கு!”

இளவரசியின் அம்மா விஜயராணி பதறினாள். “பழைய தேக்குங்க, வைரம் பாஞ்சது. இப்ப கடைல விக்கிற மரம் ஈரங்கூடக் காயல. ஒரு வெயிலுக்கே முறுக்கிக்குதுங்க.”

“முறுக்கட்டுமே! புதுசு புதுசுதான். எங்க வூட்ல நானும் எம்புள்ளயுந்தான். வந்து பாருங்க, புதுத் தேக்குல ஜோடிக் கட்டிலு கெடக்குது. எவன் வூட்லயோ கெடந்தத எங்க தலைல கட்டப் பாக்குறீங்களே!”

“வுடும்மா” என்று முனகினான் புகழ்வேந்தன். தலை நிமிரவில்லை.

“நீ சும்மா இருடா. பாலீசு போட்டுட்டா பழசு புதுசாய்டுமா? ஒருத்தர் பொழங்குனது பொழங்குனதுதான்.”

விஜயராணிக்கு முகம் செத்துவிட்டது. ‘சரிங்க, புதுசாவே வாங்கிடுறோம்’ என்று சொல்ல வாயெடுத்தவளின் கையைப் பிடித்து நிறுத்தினாள் இளவரசி. இவ்வளவு நேரம் நெஞ்சில் புகைந்தது சட்டென்று அடங்கி, அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“அத்த சொல்றது சரிதாம்மா. நீ மொதல்லேர்ந்தே யோசிச்ச. பழசா இருந்தா இன்னான்னு நான்தான் புடிவாதம் புடிச்சேன். என் தப்புதான்.”

பவுனம்மாள் முகம் மலர்ந்தது. ஆறிப்போன காப்பியை அப்போதுதான் கையில் எடுத்தாள்.

“அப்பிடி வா வழிக்கு. கட்டிலு புதுசு, பீரோவும் புதுசு. வேற இன்னா?”

“மாப்ளயும் புதுசா பாத்துக்குறோம் அத்த. உங்க புள்ள ஏற்கெனவே ஒருத்தி கட்டிட்டு அத்துவுட்ட ஆளாச்சே!”