ஊட்டுக்கு வெண்டைக்காய்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ரத்தினசாமியின் தோட்டத்து வெண்டைக்காயை வாங்கிப்போகும் வியாபாரி பரீது, மூட்டைகளை வண்டியில் ஏற்றி முடித்தபோது உச்சி வெயில்.

“ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க பாய்,” என்றாள் ரத்தினசாமியின் மனைவி மருதாத்தாள்.

தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. வெண்டைக்காயை ஈரம்போகத் துடைத்து நறுக்கி, இரும்புச் சட்டியில் தேங்காய் எண்ணெய் விட்டு, மிளகாய்த்தூள் தூவி மொறுமொறுவென்று வறுத்து வைத்தாள்.

பரீது மறுபடியும் மறுபடியும் வாங்கிக்கொண்டார்.

“தோட்டத்துக் காய்னா தோட்டத்துக் காய்தானுங்க அக்கா. கடைக்காயில இந்த ருசி வருங்களா? என்ற ஊட்டுக்கும் ஒரு பை எடுத்துக்கறனுங்க.”

ரத்தினசாமி அவசரமாகத் தண்ணீர்ச் சொம்பை எடுத்தார். மருதாத்தாள்தான் வாயைத் திறந்தாள்.

“ஊட்டுக்கு வேண்டாங்க பாய். நேத்துத்தான் மருந்தடிச்சோம்.”

“அப்புறம் ஏனுங்க மூட்டை கட்டிக் குடுத்தீங்க?”

“அது விக்கறதுக்குத்தானுங்களே,” என்றார் ரத்தினசாமி.

அந்த நியாயம் பரீதுக்கும் சரியாகவே பட்டது. ஆனால் தட்டைப் பார்த்ததும் கை நின்றது.

“இப்ப நான் தின்னது?”

“பயப்படாதீங்க. எங்க தோட்டத்துக் காயை நாங்க தொடறதே இல்லீங்க. டவுன்ல ஒரு கடையில மருந்தே படாத காய் மட்டும் விக்கறாங்க. நாங்க திங்கறது அதைத்தானுங்க,” என்றாள் மருதாத்தாள் பெருமையாக.

“பச்சை போர்டு வெச்ச கடைங்களா?”

“அதேதானுங்க. உங்களுக்குத் தெரியுங்களா?”

பரீது தட்டைத் தள்ளிவைத்தார்.

“உங்க தோட்டத்துக் காய் பூராவும் அங்கதானுங்க அக்கா போகுது.”