மீன் சொல்லட்டும்

"மீன் பட்டா நான் பேர்கன். படாட்டி ஒஸ்லோ. இனி இதில கதைக்க ஒண்டும் இல்லை," என்று சொல்லிவிட்டுக் குகநேசன் தூண்டிலை வீசினார்.

கூட்டாளி குலேந்திரன் தண்ணீரையே முறைத்துப் பார்த்தார். பக்கத்து மடக்குக் கதிரையில் இருந்த நெட்டை ஜெயரத்தினம் வானத்தைப் பார்த்தார்.

குகநேசனின் மகன் கபிலன் இருப்பது பேர்கனில். அம்மா ஞானமலர் காலமான பிறகு அப்பா ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் எட்டாம் மாடியில் தனியாக இருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. வந்து எங்களோடு இருங்கோ என்று ஒரு வருடமாக நச்சரிக்கிறான். பெற்ற பிள்ளையிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் குகநேசன். கோவிலில் பூக்கட்டிப் பார்த்தார். ஒருமுறை போ என்று வந்தது, மறுமுறை இரு என்று வந்தது. மூன்றாம் தரம் கட்ட மாட்டேன் என்று ஐயர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அப்படித்தான் வழக்கு மீனிடம் வந்து சேர்ந்தது. மகனும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டான்.

ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வான்? இந்தக் குளத்தில் குகநேசன் வெறுங்கையோடு கரையேறிய சரித்திரமே இல்லை. அவர் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே மீன்கள் இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்.

"போக விருப்பமில்லாதவன் இப்பிடிப் பந்தயம் வைப்பானோ?" என்று காரில் ஏறுமுன்பே ஜெயரத்தினம் குலேந்திரனின் காதைக் கடித்திருந்தார். அதுதான் குலேந்திரனுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

ஒஸ்லோவை விட்டு ஒரு மணி நேரம் ஓடினால் பைன் காட்டுக்குள் இந்தக் குளம் வரும். உள்ளே இருப்பவை ஸ்டர்ஜன். சுறாவுக்கும் முதலைக்கும் சம்பந்தம் பேசிப் பிறந்த பிள்ளை மாதிரி முதுகு நெடுகக் கவசமும் வாயடியில் நாலு மீசையும். குலேந்திரனின் அளவையில் ஒவ்வொன்றும் ஒரு ட்ராம் பெட்டி நீளம். பிடித்தால் படம் எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும் என்பது குளத்தின் சட்டம். சட்டியும் மிளகாய்த்தூளும் தேசிக்காயுமாக முதல்முறை வந்து இறங்கிய மூவருக்கும் அன்று பட்ட துக்கம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் இந்தமுறை குலேந்திரன் ஒரு வேலை செய்திருந்தார். நேற்றுக் காலையே கள்ளமாக வந்து, ஒரு வாளி நிறையப் புட்டும் நெத்தலிப் பொரியலும் பிசைந்து குளத்தில் கொட்டிவிட்டுப் போயிருந்தார். கலியாணப் பந்தியில் மூன்றாம் தரம் சோறு வாங்கினவன் மாதிரி மீன்கள் அசையாமல் கிடக்க வேண்டும் என்பது அவருடைய பிரார்த்தனை.

மத்தியானம் வரை பிரார்த்தனை பலித்தது. குகநேசன் சாப்பாட்டை எடுத்தார். இடியப்பம் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் இருந்தது.

"என்ன மச்சான், உன்ரை பெரிய எவர்சில்வர்ச் சட்டி எங்கை?" என்று கேட்டார் ஜெயரத்தினம்.

"எங்கையோ வைச்சிட்டன். சாமான் கட்டின அமளியில காணேல்லை."

சாமான் கட்டத் தொடங்கிவிட்டானா! குலேந்திரன் கையிலெடுத்த இடியப்பத்தைத் திரும்ப டப்பாவில் போட்டார்.

பொழுது சாயும் நேரம். குகநேசனின் தூண்டில் தடி ஒருமுறை ஆடியது. அவர் எழும்பினார். கரையோரத் தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு பூதம் மேலே வந்தது. குளத்துத் தண்ணீர் பாதி வற்றியே போயிற்று என்று பிறகு குலேந்திரன் சத்தியம் பண்ணினார். இரையை மீசையால் தடவிப் பார்த்தது. வாயை மெல்லத் திறந்தது. பிறகு, சாப்பிட்டு முடித்து ஏவறை விட்ட சம்பந்தியைப் போலப் புரண்டு கீழே போய்விட்டது.

மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

இருட்ட முதல் குகநேசன் காரடியில் நின்று மகனுக்குத் தொலைபேசி எடுத்தார். குரல் தழுதழுத்தது.

"இல்லையடா தம்பி, ஒண்டும் படேல்லை. நான் என்ன செய்ய, மீனே சொல்லிப்போட்டுது. கோடை விடுமுறைக்கு வந்து நிக்கிறன், என்ன?"

ஜெயரத்தினம் செத்த வீட்டு முகத்தோடு அவர் தோளைத் தடவிக்கொண்டிருந்தார். பொங்கி வந்த சிரிப்பை மறைக்க வேண்டி, குலேந்திரன் வாடகைத் தடிகளைத் தூக்கிக்கொண்டு குடிலுக்கு நடந்தார்.

காலையில் அங்கே ஆள் இருக்கவில்லை. தடிகளைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். இப்போது குளத்துக்காரி மாரித் இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். குலேந்திரனைக் கண்டதும் நோர்வே மொழியில் பொரிந்து தள்ளினாள். நேற்றுக் காலை வாளியோடு வந்தது நீங்கள்தானே, நேற்றே மத்தியானம் அந்த உயரமானவர் ஒரு பெட்டி வெட்டின ரொட்டியைக் கொட்டினார், இனி ஒரு கிழமைக்கு இந்த மீன்கள் வாயே திறக்காது என்றாள்.

கொத்துரொட்டி! குலேந்திரன் யன்னலால் ஜெயரத்தினத்தின் செத்த வீட்டு முகத்தைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். இரண்டு பேருக்குமாகத் தானே மன்னிப்புக் கேட்டார்.

"இரண்டு பேரா?" என்றாள் மாரித். "நேற்று மாலையில் மூன்றாவது ஆளும் வந்தார். என்னைக் கண்டதும் இதைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்."

மேசைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினாள். உள்ளே இடியப்பம் காய்ந்து ஒட்டிக்கிடந்த பெரிய எவர்சில்வர்ச் சட்டி. அதன் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: ஞானமலர்.